புயல் வாரத்துக் கதைப் புத்தகங்கள்

அம்பத்தூர்வாசிகளுக்கு மழை புதிதல்ல. ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது பஞ்சாங்கத்தையல்ல, ஏரியைத்தான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போகவேண்டும். அங்கிருந்து இரட்டை ஏரிக்குப் போகவேண்டும். இது நம் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு. அந்நாளில் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் கழனிகள் இருந்தன. இன்று அவ்விடங்களில் வீடுகளும் சாலைகளும் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. இந்த மாறுதலைப்பற்றித் தண்ணீருக்கு யாரும் தகவல் கொடுத்ததாகத் தெரியவில்லை. அது தன் பழைய வழியிலேயே புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது.

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வங்கக் கடலில் தோன்றிய அந்தப் புயலுக்குப் பெயர் கொடுத்தது பர்மா தேசம், அதாவது இக்காலத்து மியான்மர். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில் பத்திரிகைகளுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. ஒரு பத்திரிகை ‘மிக்ஜாம்’ என்றது; இன்னொன்று ‘மிச்சாங்’ என்றது. பெயர் முடிவாவதற்குள் புயல் வந்துவிட்டது. வந்தது கரையேறியிருந்தாலாவது தொல்லை ஒரு நாளோடு போயிருக்கும். அது சென்னைக்கு எதிரே கடலிலேயே தயங்கித் தயங்கி நின்று, மறுநாள் முழுவதும் கொட்டித் தீர்த்த பிறகே வடக்கே நகர்ந்தது. 5-ம் தேதி ஆந்திர தேசத்தில் பாபட்லாவுக்கு அருகே கரை கடந்தது. நகரத்தின் பல பகுதிகளில் இரண்டே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்துவிட்டது. மீனம்பாக்கத்தில் ஆகாய விமானங்கள் ஓடவேண்டிய பாதையில் தண்ணீர் ஓடிற்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் மூழ்கின.

திங்கட்கிழமை மூடிய பள்ளிக்கூடங்கள் அந்த வாரம் முழுவதும் திறக்கவில்லை. அரையாண்டுப் பரீட்சை ஒத்திப்போடப்பட்டது. உபாத்தியாயர்களுக்கு இது வருத்தமான செய்தி என்று வெளியில் சொல்லிக்கொள்வது வழக்கம். எங்கள் தெருவில் மின்சாரம் நான்கு நாள் இல்லை. முதல் நாள் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. சார்ஜ் மிச்சமிருந்த இரண்டொன்றிலும் கோபுரம் வேலை செய்யாததால் பேச்சு வரவில்லை. குழந்தைகள் அந்தக் கறுத்த கண்ணாடியை ஓயாமல் எடுத்துப் பார்ப்பதும், மறுபடி கீழே வைப்பதுமாக இருந்தார்கள்.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழ்வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்துவிட்டபடியால் அங்கிருந்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மேலே வந்துவிட்டார்கள். பெரியவர்கள் எண்மர், குழந்தைகள் ஆறு பேர். சமையலுக்குக் குறைவில்லை, பெண்மணிகள் மூவர் சேர்ந்தால் இருக்கிற அரிசி பருப்பைக்கொண்டு எதையும் சமாளித்துவிடுவார்கள். குழந்தைகளின் விஷயந்தான் கஷ்டமாயிற்று. ஆறு வயதுப் பையன் ஒருவன், “சார், தண்ணி இன்னும் மேலே ஏறுமா?” என்று அரை மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தான். ஏறாது என்று சொன்னேன். ஏறாது என்பது எனக்கும் நிச்சயமாகத் தெரியாது என்பதை அவன் கண்டுகொண்டான். குழந்தைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினேன். நான் சிறுவனாயிருந்தபோது சேர்ந்த புத்தகங்கள் அதில் இருந்தன. முதலில் நீதிக்கதைத் தொகுதி ஒன்றைத் திறந்தேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் சபை கலைந்துவிட்டது. குழந்தைகளைக் குற்றம் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருக்கும் சமயத்தில் சோம்பேறித்தனத்தின் கெடுதியைப்பற்றி ஒருவன் வாசித்தால் கேட்பவர்களுக்கு என்ன தோன்றும்? நம்மீது ஏதோ தப்பு என்றல்லவா தோன்றும்? கஷ்ட காலத்துக்கு நீதிக்கதை உதவாது என்பது அன்று எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். இன்றளவும் அது மாறவில்லை.

அடுத்தபடியாக எடுத்தது, ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ என்ற ருஷ்யப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு. அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதியது. இந்தப் புத்தகம் பிறந்த விதமே ஒரு கதை. ரஸ்கினின் மகள் சாஷா சிறு வயதில் அடிக்கடி நோய்வாய்ப்படுவாள். காதுவலியால் அவள் படுத்திருந்த சமயம், அவளுக்குப் பொழுதுபோவதற்காகத் தாம் சிறுவனாயிருந்தபோது செய்த அசட்டுக் காரியங்களை அப்பா சொல்லத் தொடங்கினார். அழகான பந்தை மோட்டார் வண்டியின் கீழே உருட்டிவிட்ட கதை முதலில் வந்தது. மகள் இன்னும் கேட்டாள், கதைகள் பெருகின, புத்தகமாயின. ஆகவே, இது நோயுற்ற ஒரு குழந்தைக்கு ஆறுதலாகவே உண்டான நூல். அச்சகத்துக்குப் போவதற்கு முன்பே தன் வேலையை அது ஒரு தரம் செய்து முடித்திருந்தது என்று சொல்லலாம்.

அதில் அப்பா தமக்கு ஒரு தொழில் தேடும் கதை உண்டு. இரவுக் காவல்காரனாகலாமா, ஐஸ்கிரீம் விற்கலாமா என்று நாளுக்கொரு யோசனையாக ஓடி, கடைசியில் நாயாகிவிடுவதென்று தீர்மானித்து நான்கு காலால் நடந்து பழகுகிறார் அந்தச் சிறுவன். அதை வாசித்தபோது முதலில் சிரித்தது குழந்தையல்ல, பக்கத்து வீட்டுக்காரர். அவர் தொழிற்பேட்டையில் சிறியதொரு லேத் பட்டறை நடத்துகிறவர். கடன் வாங்கிப் போட்ட இயந்திரங்கள் தண்ணீருக்குள் கிடந்தன. இரண்டு நாளாக அவர் ஒருவரோடும் பேசவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து தெருவில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய்க் கதையில் அவர் சிரித்ததும் அவருடைய சம்சாரம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் ஜன்னலை விட்டு வந்து, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் தம் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “அடுத்த கதையைப் படியுங்க சார்” என்றார். இயந்திரங்கள் அப்பொழுதும் தண்ணீருக்குள்தான் இருந்தன.

மூன்றாம் நாள் அம்புலிமாமாவுக்கு முறை வந்தது. பழைய இதழ்கள் பன்னிரண்டை ஒன்றாகத் தைத்து அட்டை போட்ட தொகுதி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-ம் வருஷம் ஜூலை மாதம், அதாவது சுதந்திரத்துக்கு முந்திய மாதம், தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. இப்போது நின்று பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் பார்க்காமல் வளர்ந்த தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் அபூர்வம். ஆறு குழந்தைகளில் ஐந்து பேர் அந்தப் படத்தைக் கண்டதே இல்லை. ஆனால், கீழ்வீட்டுப் பாட்டியம்மாள் அட்டையைக் கண்டதும் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடி கீழே வெள்ளத்தில் போய்விட்டபடியால் அவரால் வாசிக்க முடியவில்லை. படத்தைக் கையால் தடவிக்கொண்டு, கதையைத் தாமே சொல்லிவிட்டார். பாட்டியம்மாளின் வேதாளம் என் வேதாளத்தைவிடப் பயங்கரமாயிருந்தது; குழந்தைகளுக்கு அதுதான் பிடித்தது.

வேதாளக் கதையில் ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. ராஜா மரத்திலிருந்து உடலை இறக்குவார், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும், ராஜா பதில் சொல்வார், வேதாளம் பறந்துவிடும். எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. மாதா மாதம் இப்படியே. பெரியவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லக்கூடும். குழந்தைக்கோ அதுதான் ருசி. கேட்ட கதையையே மறுபடி சொல்லச் சொல்லி அது நம்மைப் பிடுங்குவதெல்லாம் ஞாபகக் குறைவால் அல்ல. ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லிப்பாருங்கள், உடனே திருத்தும். இன்னது நடக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியே நடப்பதைக் காண அது விரும்புகிறது. ‘தண்ணி இன்னும் ஏறுமா?’ என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லாத வாரத்தில், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்த ஓரிடமாவது இருந்தது. பெரியவர்களும் ஏன் வந்து உட்கார்ந்தார்கள் என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை மெழுகுவர்த்தி ஒன்றுதான் இருந்தது என்பதும் காரணமாயிருக்கலாம். கைபேசி ஒருவருக்கு ஒன்று. வெளிச்சம் ஒன்றாயும் புத்தகம் ஒன்றாயும் குரல் ஒன்றாயும் இருந்துவிட்டால், பதினான்கு பேர் ஓரிடத்தில் கூடத்தான் வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள் நான் துணிந்து, சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய ‘முதல் ஆசிரியர்’ என்ற நூலை எடுத்தேன். இது குழந்தைப் புத்தகமா என்று கேட்பார் உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் தாராளமாகக் கேட்கலாம் என்பேன். சில இடங்களை மட்டும் உபாத்தியாயர் சாமர்த்தியமாகத் தாண்டிப்போக வேண்டும். கிர்கீஸிய மலைநாட்டில், தானே அரைகுறையாகப் படித்த துய்ஷேன் என்னும் வாலிபன், குன்றின்மேல் இருந்த பழைய குதிரைக் கொட்டிலைப் பள்ளிக்கூடமாக்குகிறான். பனிக்காலத்தில் ஓடை உறையும். சிறு பிள்ளைகளைத் தோளிலும் கையிலும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அக்கரை சேர்க்கிறான். ஊரார் கேலி செய்கிறார்கள். அந்த இடத்தில் கீழ்வீட்டுச் சிறுமி, “எங்க அப்பாவும் என்னை அப்படித்தான் தூக்கிட்டு வந்தாரு” என்றாள். திங்கட்கிழமை விடியற்காலையில் நடந்தது அது. அதற்குப் பிறகு, கிர்கீஸியா எங்கே இருக்கிறது என்று நான் தேசப்படம் போட்டு விளக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இந்த ருஷ்யப் புத்தகங்களைப்பற்றி அம்பத்தூர்க்காரன் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல உரிமை உண்டு. மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும், பின்னால் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டுக் கப்பலேற்றிய நூல்களை நம் நாட்டில் பரப்பியது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். 1951-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. இன்று அதன் தலைமை நிலையம் இருப்பது எங்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில்தான். கெட்டி அட்டை, நல்ல காகிதம், வர்ணப் படங்கள். விலையோ சில ரூபாய். மாதச் சம்பளக்காரக் குடும்பத்துப் பையன் தன் சேமிப்பில் வாங்கக்கூடிய ‘பெரிய’ புத்தகம் அது ஒன்றுதான். அந்தப் புத்தகங்களை அனுப்பியவர்களுக்கு அரசியல் நோக்கம் இருந்தது உண்மையே. வாங்கிய எனக்கு, பனி என்பதை ஒரு நாளும் கண்டிராதவனுக்கு, பனிமனிதனை எப்படிச் செய்வது என்பது வரிசைக்கிரமமாகத் தெரிந்திருந்தது. 1991-ல் ஸோவியத் தேசம் கலைந்ததோடு அந்தக் கப்பலும் நின்றது. பிறகு சில நூல்களை இங்கேயே மறுபதிப்பு செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய காகிதத்தின் வாசனை மட்டும் வரவில்லை.

வெள்ளத்தைவிடப் பெரிய நாசங்களைக் கண்ட தேசங்களில் இந்த விஷயத்தைக் காரியமாகவே எடுத்து நடத்தியிருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த 1945-ல், ஜெல்லா லெப்மன் என்னும் யூத ஸ்திரீ ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். ஹிட்லர் ஆட்சியில் இங்கிலாந்துக்குத் தப்பியோடிய பத்திரிகாசிரியை அவர். இடிந்து கிடந்த நகரங்களையும் பசித்திருந்த குழந்தைகளையும் பார்த்துவிட்டு, இருபது தேசங்களுக்குக் கடிதம் எழுதினார். ரொட்டி கேட்கவில்லை, குழந்தைப் புத்தகங்கள் கேட்டார். இரண்டு தரம் ஜெர்மானியர் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியம் முதலில் மறுத்துவிட்டது. லெப்மன் விடாமல் மறுபடியும் எழுதினார், புத்தகங்கள் வந்தன. 1946-ல் மியூனிச் நகரத்தில் அவற்றைக்கொண்டு பொருட்காட்சி நடத்தினார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில், சண்டை போட மறுத்துப் பூவை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பெர்டினண்ட் என்ற காளையின் கதையை ஜெர்மன் பாஷையில் தாமே பெயர்த்து, பத்திரிகைக் காகிதத்தில் 30,000 பிரதி அச்சிட்டு பெர்லின் குழந்தைகளுக்கு வழங்கினார். 1949-ல் மியூனிச்சில் அவர் நிறுவிய சர்வதேசக் குழந்தை நூல்நிலையம் இன்றும் நடக்கிறது. முதலில் சாப்பாடு, பிறகு புத்தகம் என்று சொன்ன புத்திசாலிகள் அங்கும் இல்லாமற்போகவில்லை. அந்த அம்மாள் இரண்டும் ஒரே சமயத்தில் வேண்டும் என்றார்.

ஜப்பானில் 2011 மார்ச் மாதத்தில் பூகம்பமும் கடல்கோளும் நேர்ந்தபோது, சென்டாய் நகரத்தில் ஒரு சிறு புத்தகக் கடை. வாராவாரம் வரவேண்டிய சிறுவர் சித்திரக்கதைப் பத்திரிகை, சாலைகள் அறுந்து போனதால் வந்து சேரவில்லை. தொலைவிலுள்ள ஊரில் வாங்கிய ஒரே பிரதியை யாரோ ஒரு புண்ணியவான் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்காரர், ‘இங்கே படிக்கலாம்’ என்று வாசலில் எழுதிப்போட்டார். நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர்கள் வந்து, முறைவைத்துக்கொண்டு அந்த ஒரு பிரதியைப் படித்தார்கள். பத்திரிகையின் அட்டை கிழிந்து கந்தலாகிவிட்டது. வாரப் பத்திரிகை நடத்துகிறவர்கள் இதைவிடப் பெரிய கௌரவத்தை எதிர்பார்க்க முடியாது.

நம் ஊருக்குத் திரும்புவோம். வியாழக்கிழமை தண்ணீர் வடிந்தது. வடிந்த பிறகுதான் துக்கம் தொடங்கிற்று. வெளியே எறியப்பட்ட மெத்தைகளோடும் அரிசிச் சாக்குகளோடும் தெருவெங்கும் புத்தகங்கள் கிடந்தன. பாடப்புத்தகம் இழந்த பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் கொடுப்பதாகப் பள்ளிக் கல்வித்துறை அறிவித்தது. அது மெச்சத்தக்க காரியம். குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணமும் சர்க்கார் கொடுத்தது. ஆனால், கதைப்புத்தகம் இழந்த குழந்தையின் பெயர் எந்த ஜாபிதாவிலும் ஏறவில்லை. ஏறாததில் ஆச்சரியமில்லை, கதைப்புத்தகம் நஷ்டமென்று யார் போய் எழுதிக்கொடுப்பார்கள்? அந்த ஆறாயிரத்தில் அடுப்பு வாங்க வேண்டும், பாய் வாங்க வேண்டும். கதைப்புத்தகம் வாங்கும் முறை எப்போது வரும் என்பது ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் அப்படிச் சட்டம் செய்த முதல் மாகாணம் நம்முடையது. அதன்படி நாம் சொத்து வரி ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி செலுத்திக்கொண்டு வருகிறோம். 2023-ல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று படி பிரித்து, மெல்லிய சிறு கதைப் புத்தகங்களை அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆறு பேரில் நன்றாக வாசிக்கத் தெரியாதவன் ஒருவன் கூட ‘நட’ புத்தகம் ஒன்றைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்துவிடுவான் என்பது என் வகுப்பனுபவம். வெள்ள முகாமுக்கு அனுப்பும் அரிசி, போர்வை, மெழுகுவர்த்தி மூட்டையில் இப்படிப்பட்ட புத்தகங்கள் நான்கு சேர்த்துக் கட்டினால் மூட்டையின் பளு எவ்வளவு கூடிவிடும்? முகாம் என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கட்டிடந்தானே! பள்ளி அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தாலே பாதிக் காரியம் முடிந்தது. ஒவ்வொரு வார்டிலும் மழைக்காலத்துக்கு முன் மணல் மூட்டைக்குக் கணக்கெடுக்கும்போது இந்தச் சாவிக்கும் ஒரு கணக்கு எடுத்துவைக்கும்படி நகராண்மைக்காரர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

நனைந்த புத்தகத்தை எறிவதற்கு முன் செய்யவேண்டியது சில உண்டு. சேறு பட்டிருந்தால், புத்தகத்தை மூடியபடியே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசவேண்டும். ஒட்டிய பக்கங்களை வலுவில் பிரிக்கக் கூடாது. நிமிர்த்தி நிறுத்தி, இலேசாக விரித்து, இடையிடையே பழைய செய்தித்தாளை வைத்து, ஈரமேற ஏற மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். காற்று வேண்டும், நேர் வெயில் ஆகாது, காகிதம் முறுக்கிக்கொள்ளும். முக்கால்வாசி உலர்ந்ததும் பலகைக்கடியில் பாரம் வைத்துவிடலாம். தையல் போட்ட புத்தகம் பிழைக்கும். வெறும் பசையால் ஒட்டியது இதழிதழாகக் கழன்றுவிடும். எல்லாவற்றிலும் மோசம், வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட வர்ணப் புத்தகம். ஈரமாயிருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் தாள் வைத்துப் பிரிக்காவிட்டால், உலர்ந்ததும் செங்கல்லாய் இறுகிவிடும். பிரிக்க அவகாசமில்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இக்கலை தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். நல்ல யோசனைதான், மின்சாரம் இருந்திருந்தால் செய்து பார்த்திருக்கலாம்.

கீழ்வீட்டுச் சிறுமியிடம் ஐந்து கதைப் புத்தகங்கள் இருந்தன. இந்த முறையில் மூன்றைக் காப்பாற்றினோம். பக்கங்கள் அலையலையாக இருக்கின்றனவே தவிர வாசிப்பதற்குத் தடையில்லை. பிறந்த நாளுக்கு அவள் தகப்பனார் வாங்கிக் கொடுத்த யானைப் படப் புத்தகம் செங்கல்லாகிவிட்டது. 11-ம் தேதி பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள், ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ புத்தகத்தை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அது இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.